தவறின் முகவரி தேடிய ஹாமிங்



பாரிட்டி பிட் நமக்கெல்லாம் தெரிந்ததுதான். 1-களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக வரும்படி ஒரு பிட்டைச் சேர்த்து அனுப்புகிறோம். வழியில் ஒரு பிட் மாறினால் தப்பு என்று தெரிந்துவிடும். ஆனா எந்த பிட்? அது தெரியாது. மறுபடி அனுப்பச் சொல்ல வேண்டியதுதான். இதோடு திருப்தி அடையாதவர் ரிச்சர்ட் ஹாமிங்.

1915-ல் அமெரிக்காவின் சிகாகோவில் பிறந்தார். 1942-ல் கணிதத்தில் டாக்டர் பட்டம். 1945-ல் அணுகுண்டு தயாரான லாஸ் அலமோஸில் கணக்கிடும் மெஷின்களோடு வேலை. 1946-ல் பெல் ஆய்வுக்கூடம்.

அங்கே ரிலேக்களால் ஆன கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. வாரக் கடைசியில், ஆளில்லாத நேரத்தில்தான் ஹாமிங்கின் கணக்கு அதில் ஓடும். தப்பு நேர்ந்தால் மெஷினுக்கே தெரியும். தெரிந்ததும் என்ன செய்யும்? அந்தக் கணக்கை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போய்விடும்! இரண்டு வாரம் தொடர்ந்து, திங்கட்கிழமை வந்து பார்த்தால் விடை இல்லை. நாமாக இருந்தால் மெஷினைத் திட்டிவிட்டு டீ குடிக்கப் போயிருப்போம். அவரோ, தப்பு இருப்பது தெரிந்த மெஷினுக்கு, அது இருக்கும் இடம் ஏன் தெரியக்கூடாது என்று யோசித்தார்.

விடை ரொம்ப எளிது. 4 பிட் தகவலோடு 3 பாரிட்டி பிட். மொத்தம் 7 இடம். பாரிட்டிக்கு 1, 2, 4-ஆம் இடங்கள். அவை முறையே (1,3,5,7), (2,3,6,7), (4,5,6,7) ஆகிய இடங்களைச் சோதிக்கும். 1011 என்ற தகவல் 0110011 என்று போகும். வழியில் 6-ஆம் பிட் மாறி 0110001 என வந்தால், முதல் சோதனை சரி. மற்ற இரண்டும் தப்பு. 2-ஐயும் 4-ஐயும் கூட்டுங்கள். 6! தப்பு தன் முகவரியைத் தானே சொல்லிவிட்டது. அந்த பிட்டைத் திருப்பிப் போட்டால் சரி. நோட்டில் ஒருதரம் போட்டுப் பாருங்கள், அப்புறம் மறக்காது.

இரண்டு பிட் ஒரேயடியாக மாறினால் இந்த முறை ஏமாந்துவிடும். இன்னொரு பாரிட்டி சேர்த்தால் அதையும் கண்டுபிடிக்கலாம், திருத்த முடியாது. சர்வர் கம்ப்யூட்டர்களின் மெமரியைக் காப்பது இந்த வழியில் வந்த கோடுகளே.

1950-ல் கட்டுரை வெளியானது. 1968-ல் டூரிங் விருது. 1976 முதல் மான்டெரே கடற்படைக் கல்லூரியில் ஆசிரியர். 1998-ல் மறைந்தார்.

எனக்கு அவரிடம் பிடித்தது அந்தத் திங்கட்கிழமைக் கோபம்தான். ஓடாத சர்க்யூட் முன்னால் உட்காரும் நமக்கும் அது வேண்டும். 'அவுட்புட் வரவில்லை' என்று எழுதி ரெக்கார்டை மூடாமல், 'எந்த இடத்தில்?' என்று கேட்போம், நண்பர்களே!