வேலையோடு வேலையாகக் கேமரா பிடித்தவர்



விழா மலருக்காக ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஒருத்தர், மறைந்த ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையை எழுதித் தரணும்னு தலைவி அக்கா சொல்லியிருந்தாங்க. எங்க குழுவில் என் பேரைச் சொல்லிட்டாங்க. காந்தி, பாரதியார், அன்னை தெரசா எல்லாரையும் மற்ற குழுக்காரங்க எடுத்துக்கிட்டாங்க. நான் எடுத்துக்கிட்டவர் லாலா தீன் தயாள். நம்ம பக்கம் இந்தப் பேரைக் கேட்டவங்க குறைவு. ஆனா வடநாட்டிலும் ஐதராபாத்திலும் அவர் பெரிய புகழ் பெற்றவர். இந்தியாவின் முதல் தலைமுறைப் புகைப்படக்காரர்களில் முக்கியமானவர். இறந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகுது.

ஏன் இவரை எடுத்தேன்னு கேட்பீங்க. ஐயம்பேட்டையில் எங்க வீட்டிலும் தறிதான் சோறு போடுது. வீட்டுக்காரர் நெய்யறார், நான் தார் சுத்திக் கொடுக்கறேன். குழுக்கடனில் பழைய கேமரா ஒண்ணு வாங்கி, நாலு வருஷமா வளைகாப்பு, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, பிறந்தநாள்னு ஓய்வு நேரத்தில் போட்டோ எடுத்துக்கிட்டு வர்றேன். கேமரா பயிற்சி வகுப்பில்தான் முதல்முதலா தீன் தயாள் பேரைச் சொன்னாங்க. அவரும் இப்படி வேலையோடு வேலையாகத் தொடங்கினவர்னு கேட்டதும், மகளை உட்கார வச்சு அவரைப் பத்தி இருக்கிறதை எல்லாம் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கிட்டேன்.

தீன் தயாள் 1844ஆம் ஆண்டு மீரட் பக்கத்தில் உள்ள சர்தானா என்ற ஊரில் பிறந்தார். ஜைனக் குடும்பம். நகை வியாபாரம் செய்தவர்கள். இவர் நகைக் கடைக்குப் போகாமல் ரூர்க்கியில் இருந்த தாம்சன் பொறியியல் கல்லூரியில் சேர்ந்து படித்தார். கட்டடம் கட்டுவதற்குப் பிளான் வரைவது, செலவுக் கணக்குப் போடுவது எல்லாம் அங்கே கற்றுக்கொண்டார். 1866இல் இந்தூரில் பொதுப்பணித்துறை அலுவலகத்தில் வேலை கிடைத்தது. எஸ்டிமேட் போடுகிற, பிளான் வரைகிற வேலை. மாதச் சம்பளம் வருகிற அரசாங்க உத்தியோகம்.

1874இல்தான் அவர் கேமராவைக் கையில் எடுத்தார். அப்போது அவருக்கு முப்பது வயது. நம்ம குழுக்களில் பாதிப் பேருக்கு அந்த வயசுதான், இல்லை அதைத் தாண்டியிருப்போம். இனிமே என்ன புதுசா கத்துக்கறதுன்னு சொல்றவங்க இதைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க.

அந்தக் காலத்தில் போட்டோ எடுப்பது இன்றைக்குப் போல விரலால் தொடுகிற வேலை இல்லை. பிலிம் கூடக் கிடையாது. பெரிய மரப்பெட்டிக் கேமரா, அதற்கு ஒரு முக்காலி. உள்ளே கண்ணாடித் தகடு. அந்தத் தகட்டில் பசை மாதிரி ஒரு மருந்தைப் பூசி, வெள்ளி உப்பு கரைத்த தண்ணீரில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, உடனே இருட்டில் வைத்துக் கழுவ வேண்டும். வெளியூர் போனால் இருட்டுக்கு ஒரு கூடாரம், கழுவத் தண்ணீர், மருந்துப் புட்டிகள், கண்ணாடிப் பெட்டிகள் எல்லாம் மாட்டுவண்டியில் கூடவே போகணும். கண்ணாடி உடைஞ்சா படம் போச்சு. முட்டையின் வெள்ளைக்கரு பூசிய காகிதத்தில் வெயில் காட்டிப் பிரதி எடுப்பார்கள். நம்ம ஜரிகையில் பட்டு நூல் மேல வெள்ளிக் கம்பி சுத்தி, தங்க முலாம் பூசுறாங்க இல்லையா, அந்த வெள்ளிதான் அங்கே படமாகவும் மாறியது. இதைக் கேட்டப்போ எனக்கு அது ரொம்ப தூரத்து விஷயமாத் தெரியலை.

இவ்வளவு செலவு பிடிக்கிற வேலையை அவர் உத்தியோகத்தை விட்டுவிட்டுத் தொடங்கவில்லை. அலுவலக வேலை ஒரு பக்கம், கேமரா ஒரு பக்கம். பிளான் வரைந்து பழகிய கண், கட்டடத்தைப் படம் பிடிக்க உதவியது. எந்தப் பக்கம் நின்றால் கோபுரம் நேராக நிற்கும், எந்த நேரத்து வெயிலில் சிற்பம் எடுப்பாகத் தெரியும் என்று அவருக்குச் சொல்லித்தர ஆள் தேவைப்படவில்லை.

அவருடைய கைத்திறமையைப் பார்த்து இந்தூர் மகாராஜா துகோஜி ராவ் ஊக்கம் கொடுத்தார். ஹென்றி டேலி என்ற ஆங்கிலேய அதிகாரியும் ஆதரவாக இருந்து, பெரிய இடத்து மனிதர்களிடம் அறிமுகம் செய்து வைத்தார். 1875, 76இல் இங்கிலாந்து இளவரசர் இந்தியாவுக்கு வந்தபோது அந்தப் பயணத்தைப் படம் எடுக்கும் வாய்ப்பு தீன் தயாளுக்குக் கிடைத்தது. கேமரா தொட்டு இரண்டு வருஷத்துக்குள் அவ்வளவு பெரிய விழா! ஒரு வேலையைச் சுத்தமாகச் செய்து கொடுத்தால், அதைப் பார்த்தவர் அடுத்த வேலைக்குக் கூப்பிடுவார். அவருக்கும் அப்படித்தான் வளர்ந்தது. எனக்கும் முதல் வளைகாப்பு வேலை நம்ம குழு உறுப்பினர் வீட்டில்தான். அங்கே ஆல்பத்தைப் பார்த்தவங்க மூலமாத்தான் அடுத்த மூணு வேலையும் வந்தது.

1882இல் லெபல் கிரிபின் என்ற அதிகாரியோடு மத்திய இந்தியாவில் சுற்றுப்பயணம் போய், கோட்டைகளையும் கோயில்களையும் படம் பிடித்தார். குவாலியர், கஜுராஹோ, சாஞ்சி போன்ற இடங்களின் படங்கள் 1886இல் புத்தகமாகவும் வந்தன. 1885இல் வைஸ்ராய் டபரின் பிரபு அவரைத் தன் அதிகாரபூர்வப் புகைப்படக்காரராக நியமித்தார்.

இங்கேதான் ஒரு விஷயத்தை நாம் கவனிக்கணும். வைஸ்ராயே கூப்பிட்ட பிறகும் அவர் உத்தியோகத்தை உடனே தூக்கிப் போடவில்லை. முதலில் இரண்டு வருட நீண்ட விடுப்பு எடுத்தார். தொழில் தன்னைத் தாங்கும் என்று தெரிந்த பிறகுதான் அரசாங்க வேலையிலிருந்து விலகினார். கேமரா தொட்ட நாளிலிருந்து கணக்குப் போட்டால் பத்து வருஷத்துக்கு மேல் இரண்டு வேலையும் பார்த்திருக்கிறார். பகுதிநேர வேலைன்னா நம்மகிட்ட ஒரு இளக்காரம் உண்டு. பொழுதுபோக்குக்குச் செய்யறான்னு நினைப்பாங்க. எனக்கு அது வேற மாதிரித் தெரியுது. முகூர்த்த மாசத்தில் கேமராவுக்கு வேலை வரும். ஆடியிலும் மார்கழியிலும் ஒண்ணும் வராது. அந்த மாசத்திலும் கடன் தவணை கட்டணும் இல்லையா? அப்போ தார் சுத்தற கூலிதான் கை கொடுக்குது. தறியை விட்டுட்டு வந்திருந்தா என்னால ஒரு தவணையும் நேரத்துக்குக் கட்டியிருக்க முடியாது.

பிறகு அவர் ஐதராபாத்துக்குப் போனார். ஆறாவது நிஜாம் மெஹபூப் அலி கான் அவரை அரண்மனைப் புகைப்படக்காரராக வைத்துக்கொண்டார். செகந்திராபாத்தில் ஸ்டூடியோ திறந்தார். அரண்மனை விருந்து, தர்பார், வேட்டை, படை அணிவகுப்பு, வெளிநாட்டு விருந்தாளிகள் வருகை எல்லாவற்றுக்கும் கேமராவோடு தீன் தயாள் இருப்பார். இன்றைய பேச்சில் சொன்னால் விழா போட்டோகிராபர். நிஜாம் அவருக்கு ராஜா என்ற பட்டமும் கொடுத்தார். அதனால்தான் ராஜா தீன் தயாள் என்றும் சொல்கிறார்கள். 1896இல் பம்பாயிலும் ஸ்டூடியோ திறந்தார். 1897இல் விக்டோரியா மகாராணியின் நியமனமும் கிடைத்தது.

ராஜாக்களை மட்டும் அவர் எடுக்கவில்லை. நிஜாம் நாட்டில் பஞ்சம் வந்தபோது நடந்த நிவாரண வேலைகளையும் படம் எடுத்திருக்கிறார்.

எனக்கு அவர் வாழ்க்கையில் எல்லாத்தையும் விடப் பிடிச்சது 1892இல் அவர் செய்த காரியம். ஐதராபாத்தில் பெரிய வீட்டுப் பெண்கள் பர்தா முறையில் இருந்தார்கள். வெளி ஆண்கள் முன்னால் வரமாட்டார்கள். ஆண் புகைப்படக்காரர் முன்னால் எப்படி உட்காருவார்கள்? அதனால் வீட்டு ஆண்கள் விதவிதமாகப் படம் எடுத்துக்கொள்ள, அவர்களுடைய அம்மாவுக்கும் மனைவிக்கும் மகளுக்கும் ஒரு படமும் இல்லாமல் இருந்தது. தீன் தயாள் பெண்களுக்கென்றே தனியாக ஜனானா ஸ்டூடியோ ஒன்றைத் திறந்தார். உள்ளே இருப்பது வெளியே தெரியாதபடி உயரமான சுவர். பொறுப்பாக கென்னி லெவிக் என்ற ஆங்கிலேயப் பெண்மணியை வைத்தார். படம் எடுப்பவரும் பெண், எடுத்துக்கொள்பவரும் பெண். தான் கேமரா பிடிக்கக் கூடாத இடத்தில் ஒரு பெண் கையில் கேமராவைக் கொடுத்தால் வேலை நடக்கும் என்று அவர் புரிந்துகொண்டார்.

இது பழைய காலத்து ராஜா வீட்டுக் கதைன்னு விட்டுட முடியுமா? நம்ம வீடுகளைப் பாருங்க. எங்க அம்மா இறந்தப்போ மாலை போட ஒரு படம் தேடினோம். கிடைச்சது பேங்க் பாஸ்புக்கில் ஒட்டின சின்னப் படம் ஒண்ணுதான். அதைப் பெருசாக்கினதில் முகமே கலங்கிப் போச்சு. கல்யாணக் கூட்டத்தில் எடுத்த படத்திலிருந்து மாமியார் முகத்தை மட்டும் வெட்டி மாட்டியிருக்கிற வீடும் எனக்குத் தெரியும். எத்தனையோ பட்டுப் புடவைக்குத் தார் சுத்தின கை, ஒரு பட்டுப் புடவை கட்டிக்கிட்டு ஒரு படம் எடுத்துக்கிட்டது இல்லை.

மஞ்சள் நீராட்டுக்கும் வளைகாப்புக்கும் என்னைக் கூப்பிடறவங்க முதலில் சொல்றது, நீ பொம்பளைங்கறதால கூப்பிட்டோம் என்பதுதான். பொண்ணுக்கு அலங்காரம் பண்ற அறைக்குள்ள நான் போகலாம். பொண்ணு கூச்சப்படாம சிரிக்கும். அந்த நம்பிக்கைக்கு நான் மூணு கட்டுப்பாடு வச்சிருக்கேன். எடுத்த படத்தை அம்மா பார்த்துச் சரின்னு சொன்ன பிறகுதான் பிரிண்ட். கேட்காம ஒரு படத்தையும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்கறது இல்லை. வேண்டாம்னு சொன்ன படத்தை அவங்க கண் முன்னாலேயே அழிச்சிடுவேன். தீன் தயாள் கட்டின உயரமான சுவரை நான் இப்படித்தான் கட்டிக்கறேன்.

1903இல் டெல்லியில் நடந்த பெரிய தர்பாரையும் தீன் தயாள் படம் எடுத்தார். அடுத்த வருஷமே அவருடைய மகன் தரம் சந்த் இறந்துபோனார். 1905 ஜூலையில் தீன் தயாளும் காலமானார். அறுபது அறுபத்தொரு வயதுதான். ராஜாக்கள் போனார்கள், தர்பார்கள் போயின. அவர் எடுத்த கண்ணாடித் தகடுகளில் 2857 இன்றைக்கும் டெல்லியில் இந்திரா காந்தி தேசியக் கலை மையத்தில் பத்திரமாக இருக்கின்றன. 1989இல் அவை அங்கே வந்து சேர்ந்தன. 2006இல் அவர் நினைவாக அஞ்சல் தலையும் வெளியிட்டார்கள். உடைகிற கண்ணாடியே இவ்வளவு காலம் நிற்கிறது என்றால், பத்திரப்படுத்தியவர்களின் பொறுமையை நினைத்துப் பாருங்கள். போனில் எடுத்து, போன் கெட்டதும் எல்லாம் போச்சுன்னு சொல்ற நமக்கு இது பாடம். நல்ல படம் நாலையாவது பிரிண்ட் போட்டு வைங்க. மீதியை இரண்டு இடத்தில் சேமிச்சு வைங்க.

கடைசியா கூட்டமைப்புக்கு ஒரு வேண்டுகோள். நம்ம குழுக்களில் என்னோட சேர்த்து மூணு பேர் கேமரா பழகியிருக்கோம். இன்னொரு கேமரா, ஒரு பிளாஷ், ஒரு சின்ன பிரிண்டர் இருந்தால் பெண்களுக்கான போட்டோ சேவையை நம்ம கூட்டமைப்பு பேரிலேயே நடத்தலாம். விசேஷ வேலை வராத மாசத்தில் கடன் மனு, ஸ்கூல், பென்ஷன்னு பாஸ்போர்ட் சைஸ் படத்துக்கு வேலை இருந்துக்கிட்டே இருக்கும். வேலை எங்களுடையது, கணக்கு கூட்டமைப்பினுடையது. யாரும் தறியையும் தையலையும் விட வேண்டியதில்லை. அடுத்த மாதக் கூட்டத்தில் இதைப் பேசி ஒரு முடிவு எடுக்கணும்னு கேட்டுக்கறேன்.

அதுவரைக்கும் எங்களால் முடிந்தது ஒன்று. ஆண்டுவிழா அன்றைக்கு மண்டபத்து வாசல் பக்கத்து அறையில் நாங்க மூணு பேரும் காலை பத்து மணியிலிருந்து இருப்போம். அறுபது வயது தாண்டிய உறுப்பினர் ஒவ்வொருத்தரையும் தனியாக உட்கார வைத்து ஒரு படம் எடுத்து, பிரிண்ட் போட்டுக் கொடுக்கிறோம். காசு வேண்டாம். உங்க அம்மாவையும் மாமியாரையும் பிடிச்ச புடவையைக் கட்டிக்கிட்டு வரச் சொல்லுங்க.