குதிகாலில் ஒரு துளி: இராபர்ட் கத்ரியின் வாழ்க்கை வரலாறு

நுழையும்முன்

பெங்களூரின் மகப்பேற்று மருத்துவமனைகள் பலவற்றில், குழந்தை பிறந்த இரண்டாம் அல்லது மூன்றாம் நாளில் செவிலியர் ஒருவர் அதன் குதிகாலின் ஓரத்தைச் சிறு ஊசியால் குத்துகிறார். ஊறிவரும் குருதியைத் தடித்த வடிதாளில் அச்சிடப்பட்டுள்ள வட்டங்களில் ஒற்றி எடுக்கிறார். குழந்தை சிறிது நேரம் அழுது, பின்பு தாயின் அணைப்பில் உறங்கிவிடுகிறது. உலர்ந்த தாள் ஆய்வகத்துக்குச் செல்கிறது. நலமாகத் தோன்றும் குழந்தையின் உடலில் மறைந்திருக்கும் கொடிய நோய்கள் சிலவற்றை அத்தாள் காட்டிக்கொடுக்கும். இந்த எளிய முறையை உலகுக்கு வழங்கியவர் இராபர்ட் கத்ரி. அவருடைய வாழ்க்கையை இப்பாடத்தில் அறிவோம்.

இளமையும் கல்வியும்

இராபர்ட் கத்ரி 1916ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் உள்ள மேரியன்வில் என்னும் சிற்றூரில் பிறந்தார். மின்னியாபொலிஸ் நகரில் வளர்ந்தார். மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். அதனோடு நிறைவடையாமல் நுண்ணுயிரியல் கற்று முனைவர் பட்டமும் பெற்றார். நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவராவதைவிட ஆய்வாளராவதையே அவர் விரும்பினார். நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் உள்ள ராஸ்வெல் பார்க் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தார். குருதியில் உள்ள சில பொருள்களின் அளவை, பாக்டீரியாக்களின் வளர்ச்சியைக் கொண்டு கண்டறிவது அங்கு அவர் கையாண்ட முறைகளுள் ஒன்றாகும்.

மகனும் தந்தையும்

கத்ரியின் மகன்களுள் ஒருவன் அறிவுத்திறன் குறைபாட்டுடன் பிறந்தான். அக்காலத்தில் அத்தகைய குழந்தைகளைப் பெற்றோர் வீட்டில் மறைத்து வளர்த்தனர். அல்லது தொலைவில் உள்ள காப்பகங்களில் சேர்த்துவிட்டு, அவர்களைப் பற்றிப் பேசுவதையே தவிர்த்தனர். கத்ரியும் அவருடைய மனைவியும் அவ்வாறு செய்யவில்லை. தம்மைப் போன்ற பெற்றோர் அமைத்திருந்த சங்கத்தில் சேர்ந்து பணியாற்றினர். புற்றுநோய் ஆய்வில் ஈடுபட்டிருந்த கத்ரியின் உள்ளம், குழந்தைகளின் அறிவுத்திறன் குறைபாட்டைத் தடுக்க இயலுமா என்னும் வினாவை நோக்கித் திரும்பியது.

மறைந்திருந்து தாக்கும் நோய்

அவ்வினாவுக்கு ஒரு பகுதி விடை முன்பே கிடைத்திருந்தது. நார்வே நாட்டில் தாய் ஒருத்தி, தன் இரு குழந்தைகளும் பிற குழந்தைகளைப் போல் வளராததன் காரணத்தை அறிய மருத்துவர் பலரை நாடி அலைந்தாள். குழந்தைகளின் சிறுநீரில் வழக்கத்துக்கு மாறான மணம் வீசுவதை அவள் கவனித்திருந்தாள். 1934ஆம் ஆண்டில் அஸ்பியோர்ன் ஃபோலிங் என்னும் மருத்துவர் அச்சிறுநீரை ஆராய்ந்து, பின்னாளில் பினைல்கீட்டோனூரியா எனப் பெயர் பெற்ற நோயைக் கண்டறிந்தார்.

பால், பருப்பு, முட்டை முதலிய உணவுகளில் உள்ள புரதம் செரிக்கும்போது அமினோ அமிலங்களாகப் பிரிகிறது. அவற்றுள் ஒன்று பினைல்அலனின். உடலின் தேவைக்கு மிஞ்சிய பினைல்அலனினைக் கல்லீரலில் உள்ள நொதி ஒன்று வேறு பொருளாக மாற்றிவிடும். இந்நோய் உள்ள குழந்தைகளிடம் அந்த நொதி செயற்படுவதில்லை. அதனால் பினைல்அலனின் குருதியில் பெருகி, வளர்ந்துவரும் மூளையைச் சிதைக்கிறது. உயிர் காக்கும் தாய்ப்பாலும் அக்குழந்தைக்கு அளவு மீறினால் தீங்காகிறது.

1953ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் ஹார்ஸ்ட் பிக்கல் என்னும் மருத்துவரும் அவருடன் பணியாற்றியோரும், பினைல்அலனின் குறைந்த சிறப்பு உணவு இந்நோய்க்கு மருந்தாகும் எனக் காட்டினர். ஆயினும், சிதைந்த மூளையை அவ்வுணவு மீட்டுத் தராது. சிதைவு தொடங்குமுன் உணவை மாற்றினால்தான் முழுப்பயன் கிட்டும். நோயுள்ள குழந்தை பிறக்கும்போது எவ்வகை வேறுபாடும் இன்றிக் காணப்படும். கருவில் இருந்தவரை மிகுதியான பினைல்அலனினைத் தாயின் உடல் அகற்றிவந்ததே அதற்குக் காரணம். நோயின் அறிகுறி கண்ணுக்குத் தெரியும் காலத்தில் மருந்தின் காலம் கடந்துவிடும். அறிகுறி தோன்றுமுன் நோயை அறிவது எப்படி என்பதே மருத்துவ உலகின் முன் நின்ற சிக்கல்.

பாக்டீரியா தந்த விடை

1957ஆம் ஆண்டில் பஃபலோ குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த இராபர்ட் வார்னர் என்னும் மருத்துவர் கத்ரியைச் சந்தித்தார். சிறப்பு உணவு உண்ணும் குழந்தைகளின் குருதியில் பினைல்அலனின் அளவை அடிக்கடி சோதிக்க எளிய வழி இல்லை என்பதை எடுத்துரைத்தார். தம் ஆய்வகத்தில் நாள்தோறும் கையாளும் முறையே இதற்கு உதவும் என்பதைக் கத்ரி உணர்ந்தார். சில நாள்களிலேயே சோதனையையும் வகுத்தார்.

அச்சோதனையின் அமைப்பு வியப்பூட்டும் எளிமை உடையது. அகார் என்னும் கூழ்மத்தைத் தட்டில் பரப்பி, அதில் ஒருவகை பாக்டீரியாவைக் கலப்பர். அதன் வளர்ச்சியைத் தடுக்கும் வேதிப்பொருள் ஒன்றையும் சேர்ப்பர். குருதி தோய்ந்த சிறு தாள்வட்டுகளை அக்கூழ்மத்தின் மீது வரிசையாக வைப்பர். குருதியில் பினைல்அலனின் மிகுந்திருந்தால் அது தடைப்பொருளின் ஆற்றலை வென்றுவிடும். தாள்வட்டைச் சுற்றிப் பாக்டீரியா வளர்ந்து, நிலவைச் சூழ்ந்த ஒளிவட்டம் போல் வெண்மையாகத் தோன்றும். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டா. ஒரே தட்டில் பல குழந்தைகளின் குருதியைச் சோதிக்கலாம். வட்டத்தின் அளவைக் கண்ணால் கண்டே நோயை ஐயுறலாம்.

குதிகாலும் வடிதாளும்

1958ஆம் ஆண்டில் கத்ரியின் குடும்பத்தில் மற்றொரு துயரம் நேர்ந்தது. அவருடைய மனைவியின் உடன்பிறந்தாளின் மகளுக்குப் பினைல்கீட்டோனூரியா இருப்பது கண்டறியப்பட்டது. அப்போது குழந்தை பிறந்து ஓராண்டு கடந்திருந்தது, மூளை சிதைவுற்றிருந்தது. அந்நாளில் வழக்கில் இருந்த சிறுநீர்ச் சோதனை, குழந்தை பிறந்து பல வாரங்கள் கழிந்த பின்னரே நோயைக் காட்ட வல்லது.

நோய் உறுதியான குழந்தைகளின் உணவைக் கண்காணிப்பதற்காகத் தாம் வகுத்த சோதனையை, பிறக்கும் குழந்தைகள் அனைவருக்கும் பயன்படுத்த வேண்டும் எனக் கத்ரி துணிந்தார். பச்சிளங்குழந்தையின் நரம்பைத் தேடி ஊசி செலுத்துவது கடினம். குதிகாலிலிருந்து சில துளிகளே போதுமாறு அவர் சோதனையைத் திருத்தினார். குருதியை வடிதாளில் ஒற்றி உலர்த்தினால், அது கெடாமல் இருப்பதையும் கண்டார். உலர்ந்த தாளை உறையில் இட்டு அஞ்சலில் அனுப்பிவிடலாம். தொலைவில் உள்ள சிற்றூரில் பிறந்த குழந்தைக்கும் பெருநகர ஆய்வகத்தின் பயன் இதனால் கிட்டியது. அத்தாள் இன்றும் கத்ரி அட்டை என்றே பல நாடுகளில் அழைக்கப்படுகிறது.

நான்கு லட்சம் குழந்தைகள்

1961ஆம் ஆண்டில், அறிவுத்திறன் குறைபாடு உடையோர் வாழ்ந்த ஒரு காப்பகத்தில் கத்ரி தம் சோதனையை நடத்தினார். நோயாளிகள் என முன்பே அறியப்பட்டவர்களை அது சரியாகச் சுட்டியது. முன்பு கண்டறியப்படாமல் விடுபட்டிருந்த சிலரையும் வெளிப்படுத்தியது. அதன் பின்னர் அமெரிக்க அரசின் உதவியுடன் 29 மாநிலங்களில் ஏறத்தாழ 4,00,000 குழந்தைகளிடம் சோதனை நடைபெற்றது. அவர்களுள் 39 குழந்தைகளுக்கு நோய் இருந்தது. பத்தாயிரத்தில் ஒரு குழந்தை என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். அந்த ஒரு குழந்தையின் பெற்றோருக்கோ அதுவே முழு உலகம்.

எதிர்ப்பும் எழுந்தது. சோதனை இன்னும் முழுமையாக மெய்ப்பிக்கப்படவில்லை என்றும், நோயற்ற குழந்தை தவறாக நோயாளி எனக் கருதப்பட்டுப் புரதம் குறைந்த உணவால் நலிவுறக்கூடும் என்றும் மருத்துவர் சிலர் அஞ்சினர். அவ்வச்சம் முற்றிலும் ஆதாரமற்றது அன்று. முதற்சோதனை ஐயத்தை மட்டுமே எழுப்பும் என்பதும், மறுசோதனைக்குப் பின்னரே சிகிச்சை தொடங்க வேண்டும் என்பதும் காலப்போக்கில் விதியாயின. கத்ரி ஊர் ஊராகச் சென்று பேசினார். பெற்றோர் சங்கங்கள் சட்டமன்றங்களை அணுகின. 1963ஆம் ஆண்டில் மாசச்சூசெட்ஸ் மாநிலம் இச்சோதனையைக் கட்டாயமாக்கியது. 1965ஆம் ஆண்டுக்குள் 32 மாநிலங்கள் இதற்கெனச் சட்டம் இயற்றின.

விலையும் மனச்சான்றும்

சோதனைப் பொருள்களைப் பெருமளவில் செய்து விற்கும் உரிமை, தொடக்கத்தில் ஒரு நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அதில் கத்ரி தமக்கென ஊதியம் எதையும் வேண்டவில்லை. ஆனால், தம் ஆய்வகத்தில் ஏறத்தாழ 6 டாலர் செலவில் உருவாகும் பெட்டிக்கு அந்நிறுவனம் 262 டாலர் விலை வைத்ததை அறிந்து அதிர்ச்சியுற்றார். விலை ஏறினால் ஏழைக் குழந்தைகள் சோதனையிலிருந்து விலக்கப்படுவர் என்பதை உணர்ந்து, அரசிடம் முறையிட்டார். நிறுவனத்துக்கு அளித்திருந்த தனியுரிமை நீக்கப்பட்டு, சோதனை பொதுவுடைமையாயிற்று. பெருஞ்செல்வம் ஈட்டியிருக்கக்கூடிய ஒரு கண்டுபிடிப்பு, எந்நாட்டவரும் தடையின்றிச் செய்துகொள்ளும் சோதனையாக மாறியது.

பெங்களூரை அடைந்த வழி

வடிதாளில் உலர்ந்த ஒரே துளியைக் கொண்டு வேறு நோய்களையும் அறியலாம் என்பது விரைவில் புலனாயிற்று. கத்ரியே வேறு சில நோய்களுக்கும் சோதனைகளை வகுத்தார். 1970களில் கனடாவின் ஜான் டுசோ என்னும் மருத்துவர், பிறவித் தைராய்டுக் குறைபாட்டை உலர்ந்த குருதியிலிருந்து கண்டறியும் முறையை உருவாக்கினார்.

உலர்ந்த குருதித் துளியின் பயன் 1980ஆம் ஆண்டில் கருநாடகத்தை அடைந்தது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் உயிர்வேதியியல் அறிஞர் என். அப்பாஜி ராவும் அவருடன் பணியாற்றியோரும், பச்சிளங்குழந்தைகளின் குருதியில் அமினோ அமிலக் கோளாறுகளைக் கண்டறியும் திட்டத்தைத் தொடங்கினர். இந்தியாவில் இத்துறையில் நடந்த முன்னோடி முயற்சி இதுவே. சுமார் ஒரு லட்சம் குழந்தைகளைச் சோதித்துப் பெற்ற முடிவுகள் 1988ஆம் ஆண்டில் வெளியாயின. இந்நோய்கள் மேலைநாட்டுக்கு மட்டும் உரியவை அல்ல என்பதை அவை உணர்த்தின. இத்தகைய நோய்கள், தாய் தந்தை இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணுவைப் பெறும் குழந்தைக்கே வருகின்றன. நெருங்கிய உறவினர் மணந்துகொண்டால் அதற்கான வாய்ப்பு கூடுகிறது. மாமன் மகளையும் அத்தை மகனையும் மணக்கும் வழக்கம் உடைய தென்னிந்தியாவுக்கு இச்செய்தி சிறப்பாகப் பொருந்துவதாகும்.

இந்தியாவில் பிறவித் தைராய்டுக் குறைபாடு ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகளில் ஒருவருக்குக் காணப்படுகிறது. பிறந்த இரண்டு வாரங்களுக்குள் கண்டறிந்து, நாள்தோறும் ஒரு சிறு மாத்திரையைக் கொடுத்துவந்தால் குழந்தை இயல்பாக வளரும். கண்டறியாவிட்டால் வளர்ச்சியும் அறிவும் குன்றும். கேரளம், கோவா முதலிய மாநிலங்கள் அரசுத் திட்டங்களின் வழியே இத்தகைய சோதனைகளை நடத்தியுள்ளன. எனினும், நாட்டில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இந்த ஒரு துளிச் சோதனை இன்னும் கிட்டவில்லை.

நிறைவு

கத்ரி முதுமையிலும் ஓய்வை நாடவில்லை. பல நாடுகளுக்குச் சென்று தம் சோதனையை விளக்கினார். ஈய நஞ்சால் குழந்தைகள் அறிவு குன்றுவதைத் தடுக்கவும் பாடுபட்டார். 1995ஆம் ஆண்டு சியாட்டில் நகரில் மறைந்தார். அவர் மகனின் குறைபாடு பினைல்கீட்டோனூரியாவால் நேர்ந்தது அன்று. ஆகவே, தந்தையின் கண்டுபிடிப்பால் மகன் பயன்பெற இயலவில்லை. தம் வீட்டில் தீராத துன்பத்தை, பிறர் வீட்டில் தோன்றாமலேயே தடுத்தார் கத்ரி. அவரால் காக்கப்பட்ட குழந்தைகள் வளர்ந்து, படித்து, தொழில் செய்து, தாமும் பெற்றோராகி வாழ்கின்றனர். அவர்களுள் பலர் அவர் பெயரைக்கூடக் கேட்டிருக்கமாட்டார்கள்.

சொல்லும் பொருளும்

குருதி – இரத்தம்
வடிதாள் – நீர்மத்தை வடிக்கவும் உறிஞ்சவும் பயன்படும் தாள்
நொதி – உடலில் வேதிமாற்றங்களை விரைவுபடுத்தும் பொருள்
கூழ்மம் – கூழ் போன்ற நிலையில் உள்ள பொருள்
மனச்சான்று – நன்மை தீமையை உணர்த்தும் உள்ளுணர்வு
பச்சிளங்குழந்தை – பிறந்து சில நாள்களே ஆன குழந்தை

மதிப்பீடு

குறுவினா
1. பினைல்கீட்டோனூரியா உள்ள குழந்தை பிறக்கும்போது நலமாகத் தோன்றுவது ஏன்?
2. நார்வே நாட்டுத் தாய் கவனித்த செய்தி யாது?
3. குருதியை வடிதாளில் உலர்த்துவதால் விளைந்த நன்மைகள் இரண்டினைக் கூறுக.

சிறுவினா
1. கத்ரியின் சோதனை செயற்படும் முறையை உம் சொற்களில் விளக்குக.
2. சோதனைப் பெட்டியின் விலை குறித்துக் கத்ரி மேற்கொண்ட நிலைப்பாட்டை எழுதுக.

நெடுவினா
நோய் வந்தபின் மருந்து தேடுவதினும் வருமுன் அறிவதே மேல் என்பதைக் கத்ரியின் வாழ்க்கை வழியும் பெங்களூரில் நடந்த முயற்சி வழியும் நிறுவுக.

கற்பவை கற்றபின்
பச்சிளங்குழந்தைகளுக்கு நடத்தப்படும் சோதனைகளைப் பற்றி உங்கள் பகுதியின் சுகாதார நிலையத்தில் கேட்டறிந்து, பத்து வரிகளில் எழுதி வகுப்பறையில் படித்துக்காட்டுக.