போர்டோ கலவை தந்த மில்லார்டே: திருடரை விரட்டப் பூசியது, நோயை விரட்டிய கதை



திராட்சை, வெற்றிலை, பாக்கு, மிளகு சாகுபடி செய்யும் உங்களுக்குப் போர்டோ கலவை புதிதல்ல. மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த இந்த நீல நிறக் கலவைக்கு ஏன் ஓர் ஊரின் பெயர் வந்தது தெரியுமா? பிரான்சின் தென்மேற்கில் உள்ள நகரம் போர்டோ. உலகில் மிக உயர்ந்த விலைக்குப் போகும் சிவப்பு ஒயின்களில் பல, அதைச் சுற்றியுள்ள திராட்சைத் தோட்டங்களில் உருவாகின்றன. அந்தத் தோட்டங்கள் நோயால் நலிந்தபோது மருந்து கண்டவர் அலெக்சி மில்லார்டே.

படிப்பும் பணியும்

மில்லார்டே 1838 டிசம்பர் 13 அன்று கிழக்குப் பிரான்சின் ஜூரா பகுதியில் ஒரு சிற்றூரில் பிறந்தார். ஜெர்மனியில் ஹைடல்பெர்க், ஃபிரைபர்க் பல்கலைக்கழகங்களில் தாவரவியல் படித்தார். ஸ்ட்ராஸ்பூர்க், நான்சி நகரங்களில் பேராசிரியராக இருந்துவிட்டு 1876-இல் போர்டோ பல்கலைக்கழகத்துக்கு வந்தார்.

அப்போது பிரான்சின் திராட்சைக் கொடிகளை ஃபில்லாக்சரா என்னும் வேர்ப்பூச்சி அழித்துக்கொண்டிருந்தது. அமெரிக்கத் திராட்சையின் வேர் இந்தப் பூச்சியைத் தாங்கும். அதனால் அமெரிக்க வேர்ச்செடியில் பிரெஞ்சு ரகங்களை ஒட்டுக் கட்டுவதே வழி என்று கூறியவர்களில் மில்லார்டேயும் ஒருவர். கலப்பினம் செய்து புதிய வேர்ச்செடிகளையும் உருவாக்கினார். அவற்றில் ஒன்றான 41பி, சுண்ணாம்பு மிகுந்த நிலங்களுக்கு ஏற்றது.

ஆனால் அமெரிக்கக் கொடிகளோடு அடிச்சாம்பல் நோயும் கடல் கடந்து வந்துவிட்டது. 1878-இல் பிரான்சில் முதன்முதலாக அது கண்டறியப்பட்டது.

இலை போனால் ஒயினும் போகும்

போர்டோவுக்கு வடக்கே மெடோக் பகுதியில் சான் ஜூலியன் என்ற ஊர் உள்ளது. அங்கே கூழாங்கல் நிறைந்த, நீர் தேங்காத மண். அதில் விளையும் கேபர்னே சாவிக்னான் திராட்சையின் ஒயினை 20, 30 ஆண்டுகள்கூடப் புட்டியில் வைத்திருப்பார்கள். அப்படி நாள்பட நிற்க, பழத்தோலின் நிறமும் துவர்ப்பும் முழுமையாக முதிர்ந்திருக்க வேண்டும். அடிச்சாம்பல் தாக்கினால் அறுவடைக்கு முன்பே இலை உதிர்ந்துவிடும். இலை இல்லாத கொடியில் பழம் இனிக்காது என்பதை நீங்களே அறிவீர்கள். அந்தப் பழத்தின் ஒயின் நீர்த்துப்போகும், சீக்கிரம் கெட்டும்போகும். பல தலைமுறைகளாகக் காத்த பெயரும் வருமானமும் ஒரே பருவத்தில் ஆட்டம் கண்டன.

பாதையோரத்துக் கொடிகள்

1882 அக்டோபர் கடைசியில் மில்லார்டே சான் ஜூலியன் வழியாக நடந்து சென்றார். தோட்டம் முழுவதும் இலை உதிர்ந்து மொட்டையாக நிற்க, பாதையோரத்துச் சில வரிசைகள் மட்டும் இலையோடு இருந்தன. அருகில் போய்ப் பார்த்தார். இலைகளில் நீலப் பொடி படிந்திருந்தது.

தோட்ட மேலாளர் எர்னெஸ்ட் தாவீதிடம் விசாரித்தார். வழிப்போக்கர்கள் பழத்தைப் பறித்துத் தின்பதைத் தடுக்க, நஞ்சு தெளித்ததுபோலத் தோன்றும்படி மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து தெளிப்பது அங்கே வழக்கம் என்று தெரிந்தது. திருடருக்குப் பூசியது நோயையும் தடுத்திருக்கிறது!

அதோடு அவர் நின்றுவிடவில்லை. வேதியியல் பேராசிரியர் உலிஸ் கெயோனுடன் சேர்ந்து ஆய்வகத்தில் சோதித்தார். மிகச் சிறிதளவு தாமிரம் இருந்தாலே நோய்க்கிருமியின் வித்துகள் முளைப்பதில்லை என்று கண்டார். தாவீதின் உதவியோடு தோட்டங்களிலும் சோதனை நடத்தி 1885-இல் முடிவை வெளியிட்டார். அவர் முதலில் சொன்ன அளவு, 100 லிட்டர் நீரில் 8 கிலோ மயில்துத்தம், 30 லிட்டர் நீரில் 15 கிலோ சுண்ணாம்பு. அவ்வளவு கெட்டியாக இருந்ததால் சிறு துடைப்பத்தால் தெளித்தார்கள். பின்னர் அளவு வெகுவாகக் குறைக்கப்பட்டது.

மில்லார்டே 1902 டிசம்பர் 15 அன்று போர்டோவில் காலமானார்.

நீங்கள் செய்ய வேண்டியது

* ஒரு சதக் கலவைக்கு 1 கிலோ மயில்துத்தத்தை 50 லிட்டர் நீரிலும், 1 கிலோ சுட்ட சுண்ணாம்பை 50 லிட்டர் நீரிலும் தனித்தனியே கரைக்கவும். மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக் கலக்கவும். மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரமே நல்லது.
* துருவில்லாத இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் கலவையில் வைத்து எடுக்கவும். செம்பு நிறம் படிந்தால் இன்னும் சிறிது சுண்ணாம்பு சேர்க்கவும். இல்லாவிட்டால் இலை கருகும்.
* தயாரித்த அன்றே தெளிக்கவும். இது வருமுன் காக்கும் மருந்து. நோய் இலைக்குள் புகுந்த பிறகு தெளித்தால் பயன் குறைவு.
* தேவைக்கு மேல் தெளிக்காதீர்கள். தாமிரம் மண்ணில் சிதையாது. போர்டோ தோட்டங்களின் மேல்மண்ணிலேயே தாமிரம் சேர்ந்துவிட்டது. ஐரோப்பாவில் இன்று 7 ஆண்டுகளுக்கு எக்டருக்கு 28 கிலோ தாமிரம்தான் உச்சவரம்பு.
* வெளியூரிலிருந்து நாற்றோ கன்றோ வாங்கினால் நோய் இல்லாததா என்று பார்த்து வாங்குங்கள்.

உங்கள் வயலில் ஒரு மூலை மட்டும் நோயின்றிப் பச்சையாக நின்றால் சும்மா விட்டுவிடாதீர்கள். அங்கே என்ன இட்டீர்கள், எப்போது இட்டீர்கள் என்று குறித்துக்கொண்டு, அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் சொல்லுங்கள்.