மாணாக்கர் வரிசையில் அடிகளார்

சுவாமி விபுலாநந்தரைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் முடிவிலிருந்தே தொடங்குவர். யாழ் நூலின் ஆசிரியர், இலங்கைப் பல்கலைக் கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர், காவி உடுத்த துறவி என்னும் மூன்று பெயர்களையும் முன்னே நிறுத்திவிட்டால், அவற்றிற்கு முற்பட்ட முப்பதாண்டுகளும் விழாவுக்கு இட்ட பந்தல்போலத் தோன்றிவிடும். எனக்கு அவருடைய வாழ்க்கையில் விருப்பமான பகுதி அந்தப் பந்தல்தான். கையில் ஒரு தகுதிப் பத்திரம் வந்து சேர்ந்ததும், தம்மிடம் இன்னும் இல்லாதது யாது என்று தேடி, மறுபடியும் மாணாக்கர் வரிசையிற் போய் அமர்ந்த மயில்வாகனனாரையே நான் பெரிதும் எண்ணுவதுண்டு. இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் தமிழ் கற்பிக்கும் எனக்கு அந்த எண்ணம் அடிக்கடி எழுவதற்கு ஒரு காரணம் உண்டு. அதனைப் பின்னர்ச் சொல்வேன்.

கீழ் மாகாணத்துக் காரைதீவிலே 1892ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் சாமித்தம்பியாருக்கும் கண்ணம்மையாருக்கும் மகனாகப் பிறந்தவர் மயில்வாகனனார். தமிழ் ஊரிலேயே வாய்த்தது. ஆங்கிலம் கல்முனையிலும், அதன்பின் இயேசு சபைத் துறவியர் நடத்திய மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் வாய்த்தது. கணிதத்தில் அவருக்கு இருந்த நாட்டத்தை வளர்த்தவர்கள் அத்துறவியரே. 1908ஆம் ஆண்டு, பதினாறு வயதில், கேம்பிரிட்சு சீனியர் பரீட்சையிற் சித்தியடைந்தார். அந்நாளில் ஒரு கிராமத்துப் பிள்ளைக்கு அது வாழ்நாள் முழுவதற்கும் போதுமான தகுதி. படித்த கல்லூரியிலேயே ஆசிரியப் பதவியும் கிடைத்தது. ஊரார் கண்ணில் கதை அத்துடன் நிறைவெய்தியிருக்க வேண்டும்.

ஆனால் பாடம் அறிந்திருத்தல் வேறு, பாடம் சொல்ல அறிந்திருத்தல் வேறு என்பதை வகுப்பறையில் நின்ற சில ஆண்டுகளிலேயே அவர் கண்டிருத்தல் வேண்டும். 1911இல் கொழும்புக்குச் சென்று ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியிற் சேர்ந்தார். பயிற்றப்பட்ட ஆசிரியராக ஊர் திரும்பிச் சில காலம் கற்பித்தபின், 1915இல் மீண்டும் கொழும்பு. இம்முறை தொழில்நுட்பக் கல்லூரி. 1916இல் விஞ்ஞானத்தில் டிப்புளோமா பெற்றார். அதே ஆண்டு மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டித பரீட்சையிலும் தேறினார். இலங்கையிலிருந்து அப்பரீட்சையில் தேறியவர்களுள் அவரே முதல்வர்.

ஒரே ஆண்டில் வந்த இவ்விரண்டு பத்திரங்களையும் சிறிது நின்று நோக்க வேண்டும். டிப்புளோமா அவருடைய சம்பளத்தை உயர்த்தக்கூடியது. பண்டிதப் பட்டம் ஒரு சதமும் உயர்த்தாது. அக்காலத்து ஆங்கிலப் பாடசாலைகளில் தமிழ்ப் பண்டிதர் பெற்ற ஊதியமும் மதிப்பும் ஆங்கிலங் கற்ற ஆசிரியருடையவற்றினும் குறைந்தவை. விஞ்ஞான ஆசிரியராகும் ஒருவர் அப்பரீட்சைக்குத் தொல்காப்பியமும் சங்க நூலும் மனனஞ் செய்துகொண்டிருந்ததை உடனிருந்தோர் வீண்வேலை என்றே கருதியிருப்பர். அடிகளார் கணக்கு வேறாக இருந்தது என்பது என் துணிபு. தமிழில் அவருக்கு இருந்தது ஆர்வமும் இளமைப் பழக்கமும். முறையான புலமைப் பயிற்சி இல்லை. ஆர்வத்தால் எழுதுவோரைப் புலவர் அவை கேட்பதில்லை. அந்தக் குறை நீங்காமல் தாம் சொல்ல விரும்புவது ஏறாது என்பதை இருபத்து நான்கு வயதில் அவர் அறிந்திருந்தார். இலக்கணப் பயிற்சியை இடையிலே விட்டுவிட்டுச் சபையின் மீது குறை சொல்லும் இளம் எழுத்தாளரைக் காணும்போதெல்லாம் இந்த 1916ஆம் ஆண்டு என் நினைவுக்கு வரும்.

1917இல் யாழ்ப்பாணம் அர்ச். பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியரானார். பகலெல்லாம் கற்பித்துக்கொண்டே லண்டன் பல்கலைக் கழகத்தின் பி.எஸ்ஸி. பரீட்சைக்கு வெளியிலிருந்து படித்துத் தேறினார். 1920இல் மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபர் பதவி வந்தது. வயது இருபத்தெட்டு. இரண்டே ஆண்டில் அப்பதவியைத் துறந்து மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தை அடைந்தார். 1924இல் துறவு பூண்டு விபுலாநந்தர் ஆனார். பதவி ஏணி என்று பார்த்தால் இது இறங்குமுகம். ஆயினும் அங்கும் அவருக்குக் கிடைத்தது பயிற்சியே. மடத்தின் தமிழ் இதழுக்கும் ஆங்கில இதழுக்கும் ஆசிரியப் பணி புரிந்த அவ்வாண்டுகள் அவருடைய உரைநடையைச் செப்பஞ் செய்தன. சேக்சுபியருடைய நாடகங்களைத் தமிழ் நாடக மரபோடு வைத்து ஆராயும் மதங்கசூளாமணி 1926இல் வெளிவந்தது. தாயகம் திரும்பி மட்டக்களப்பில் சிவானந்த வித்தியாலயத்தை எழுப்பியதும், வடக்கிலும் கிழக்கிலும் மிஷன் பாடசாலைகளை நடத்தியதும் தனியே எழுதத்தக்க வரலாறு.

1931இல் அண்ணாமலைப் பல்கலைக் கழகம் அவரை முதல் தமிழ்ப் பேராசிரியராக அழைத்தது. அவருடைய வாழ்க்கையின் மிகப் பெரிய இடைவெளி அவர் கண்ணிற்பட்டது இதன் பின்னரே என்று கொள்ளலாம். அவ்விடைவெளிக்குப் பெயர் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை.

வாசகர் அக்காதையை அறிவர். ஐந்தாம் வயதிலே தொடங்கி ஏழாண்டு பயின்ற மாதவி பன்னிரண்டாம் வயதிற் சோழன் அவையில் அரங்கேறுகிறாள். அதற்கு முன்னே இளங்கோவடிகள் ஓர் அரிய காரியஞ் செய்கிறார். ஆடலாசிரியனுக்கு இன்ன தெரிந்திருக்க வேண்டும், இசையாசிரியனுக்கு இன்ன, புலவனுக்கு இன்ன, தண்ணுமையோனுக்கு இன்ன, குழலோனுக்கும் யாழாசிரியனுக்கும் இன்ன இன்ன என்று ஒவ்வொருவருடைய தகுதியையும் வகுத்துரைக்கிறார். உ. வே. சாமிநாதையர் 1892இல் அந்நூலை அடியார்க்கு நல்லாருரையோடு அச்சேற்றிய நாள்முதல் தமிழ்ப் பண்டிதர் யாவரும் இப்பகுதியைப் படித்தே வந்தனர். ஆனால் பண்டிதரிடம் இருந்தது அவ்வரிசையிலே ஒருவனுடைய தகுதி மட்டும், புலவனுடையது. யாழாசிரியனைப் பற்றிய இருபத்தைந்து அடியளவான பகுதி வந்ததும் சொற்பொருள் கூறி அப்பாற் செல்வது வழக்கமாயிற்று. நான் கற்ற கீழைமொழிக் கல்லூரியிலும் அப்படித்தான் நடந்தது. பதினான்கு நரம்பு, குரல், துத்தம், கைக்கிளை என்று எழுதிக்கொண்டோம், ஒன்றையும் செவியாற் கேட்டோமில்லை. யாழ் என்னும் கருவியோ பல நூற்றாண்டுகளின் முன்பே வழக்கொழிந்துவிட்டது. அடியார்க்கு நல்லார் தமக்குத் துணையென்று சொல்லும் இசைநூல்களுட் பெரும்பாலன கிடைக்கவில்லை. அவற்றுள் ஒன்றாகிய பஞ்சமரபு அச்சேறியதும் அடிகளார் மறைந்து பல ஆண்டுகளின் பின், 1970களில்தான்.

அடிகளார் அப்பாற் செல்லவில்லை. தம்மிடமிருந்த தமிழும் தம்மிடமிருந்த பௌதிகமும் ஒன்றையொன்று சந்திக்காமல் பதினைந்து ஆண்டுகள் இருந்ததை அவ்விடத்திலே கண்டார். நரம்பு எழுப்பும் ஓசை அதன் நீளத்தையும் இழுவிசையையும் பருமனையும் பொறுத்தது என்பதைப் பிரான்சு நாட்டுத் துறவி மெர்சேன் 1636இல் வகுத்துக் காட்டினார். நீளத்தைப் பாதியாக்கினால் அதிர்வு இரட்டிக்கும். மூன்றில் இரண்டு பங்காக்கினால் குரலுக்கு இளி பிறக்கும். நான்கில் மூன்று பங்காக்கினால் உழை பிறக்கும். குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2 என்று நம் முன்னோர் வகுத்த அலகு இருபத்திரண்டையும் இந்தக் கணக்கோடு பொருத்திப் பார்க்கும் வேலை தமிழ் மட்டும் அறிந்தவராலும் ஆகாது, பௌதிகம் மட்டும் அறிந்தவராலும் ஆகாது. இளிமுறையாகப் பன்னிரண்டு படி ஏறினால் தொடங்கிய ஓசையின் ஏறத்தாழ 129.75 மடங்கு வரும். ஏழு முறை இரட்டித்தால் வருவது 128. இந்தச் சிறு மிச்சத்தைக் கிரேக்கத்துப் பைதகோரசு வழியினரும் கண்டு திகைத்திருக்கின்றனர். அலகு பற்றிய வழக்குகள் எல்லாவற்றிற்கும் வேர் இதுவே. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்தில் இருபத்து நான்கு என வாதிட்டார். அடிகளார் இருபத்திரண்டைக் கைக்கொண்டார்.

இரண்டும் கைவந்த பின்னும் மூன்றாவது ஒன்று குறைந்தது. அது பாடுவோர் செவி. கணக்கிலே சரியாக வந்த ஓசை பண்ணிலே சரியாக நிற்குமா என்பதைக் காகிதம் சொல்லாது. ஆகவே பல்கலைக் கழகத்துத் தமிழ்ப் பேராசிரியர் இசை வல்லாரிடம் கேள்வி கேட்பவராக அமர்ந்தார். தேவாரப் பண்களைப் பாடக் கேட்டார். கருவிகளைக் கணக்கிட்டுச் செய்வித்தார். நாற்பது வயதுக்கு மேல், அதுவும் பேராசிரியர் என்ற பெயரோடு, தெரியாததைக் கேட்பதற்கு எவ்வளவு மனத்திட்பம் வேண்டும் என்பது ஆசிரியத் தொழிலில் இருப்போருக்கு விளங்கும்.

தொடக்கத்திற் சொல்வேன் என்ற காரணம் இதுதான். எங்கள் சபரகமுவ மாகாணத்துத் தோட்டப்புறத் தமிழ்ப் பாடசாலைகளில் கணித விஞ்ஞான ஆசிரியர்க்குள்ள பஞ்சம் யாவரும் அறிந்தது. இரத்தினபுரியிலும் கேகாலையிலும் தேயிலை, ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகளுட் பலர் உயர்தரத்தில் கலைப்பிரிவிற் சேர்வது விருப்பத்தாலன்று. அவர்கள் பாடசாலையில் வேறு பிரிவு இல்லாமையால். கணக்குத் தெரியாதவருக்குத் தமிழ் என்று ஒரு பங்கீடு தானாகவே நடந்துவிடுகிறது. அத்தகைய வகுப்பில் ஒருமுறை ரப்பர் மரப் பலகையொன்றில் இரண்டு ஆணி அறைந்து, 90 சென்ரிமீற்றர் நீளத்திற்குக் கம்பி இழுத்துக் கட்டினேன். 45இல் மரத்துண்டை வைத்து மீட்டியதும் மேல் ஓசை எழுந்தது. 60இல் வைத்து மீட்டினேன். தோட்டத்து மாரியம்மன் கோயிற் பசனையில் ஆர்மோனியம் வாசிக்கும் பையன் ஒருவன் எழுந்து, அது பஞ்சமம் ஐயா என்றான். இளி என்று அவனுடைய கொப்பியில் இருந்ததும் அதுதான். 67.5 என்ற அடுத்த கணக்கை நான் சொல்லவில்லை, அவர்களே போட்டார்கள். கணிதம் வராதவர் என்று பிரித்து அனுப்பப்பட்ட பிள்ளைகள் அவர்கள். அன்றிலிருந்து அரங்கேற்று காதையைப் பலகையும் கம்பியும் இன்றி நான் நடத்துவதில்லை.

அடிகளார் இக்குறையை ஊருக்குப் பொதுவான குறையாகவும் கண்டிருந்தார். விஞ்ஞானத்தைத் தமிழிற் சொல்லச் சொற்கள் வேண்டும். 1936இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டிற்கு அவர் தலைமை தாங்கினார். அம்முயற்சியின் பயனாகக் கலைச்சொல் தொகுதி 1938இல் வெளிவந்தது. ஒரு பக்கம் இரசாயனமும் மறுபக்கம் இலக்கணமும் அறிந்தவர் தலைமை இல்லாதிருந்தால் அவ்வேலை வெறும் மொழிபெயர்ப்புச் சண்டையாக முடிந்திருக்கும் என்பது என் கருத்து.

யாழ் ஆராய்ச்சியோ அவரைத் தொடர்ந்து சென்றது. 1939 முதல் இரண்டாண்டு இமயச் சாரலில் மாயாவதி ஆசிரமத்திலிருந்து பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கில இதழை நடத்தியபோதும் அவ்வாராய்ச்சி நின்றதில்லை. 1943இல் இலங்கைப் பல்கலைக் கழகம் தமிழ்த் துறையை அவரிடம் ஒப்படைத்தது. பாயிரவியல் தொடங்கி ஒழிபியல் ஈறாக ஏழு இயல்களில் நூல் நிறைவெய்துவதற்கு ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் சென்றன. வில்யாழ், பேரியாழ், சீறியாழ், மகரயாழ், செங்கோட்டியாழ், சகோடயாழ் ஆகியவற்றின் வடிவும் நரம்பும் அதில் ஆராயப்பட்டுள்ளன. அதன் முடிபுகள் சிலவற்றைப் பின்வந்த இசையறிஞர் மறுத்துள்ளனர். மறுப்பதற்கு அவர்களும் அளவுகோலைக் கையில் எடுக்க வேண்டியிருந்தது. சொற்பொருள் கூறி அப்பாற் செல்லும் வழக்கம் அந்நூலோடு ஒழிந்தது.

கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில் 1947 ஜூன் 5, 6ஆம் நாள்களில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் யாழ் நூல் அரங்கேறிற்று. சம்பந்தர் பதிகம் பாடி ஓடத்தைக் கரை சேர்த்த தலம் அது. அடிகளார் கணக்கிட்டு அமைத்த முளரி யாழும் சுருதி வீணையும் ஊர்வலத்தில் எடுத்துச் செல்லப்பட்டன. அவையோர் கண்ணாற் கண்டதோடு அமையாது செவியாலும் கேட்டனர். ஆறு வாரத்திற்குச் சற்று மேற்பட்ட காலத்தில், ஜூலை 19ஆம் நாள், கொழும்பில் அடிகளார் மறைந்தார். வயது ஐம்பத்தைந்து. கல்லடி உப்போடையில், தாம் எழுப்பிய சிவானந்த வித்தியாலயத்தின் அருகே, பிள்ளைகளின் பாடவொலி கேட்கும் தொலைவில் அவரை அடக்கஞ் செய்தனர்.