ஃபெயிலானவர் படம் போட்ட புத்தகம்



இதைப் படிக்கும்போது உங்க பக்கத்துல ஏதாவது ஒரு பாட நோட்டு இருக்கும்னு நினைக்கிறேன். அதோட கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்க. ஒரு கண்ணு, ஒரு பூ, பாடம் நடத்துறவரோட மீசை, இல்லைனா கட்டம் கட்டமா எழுதின உங்க பேரு. ஏதாவது ஒண்ணு இருக்கும். என் நோட்டுல நிறையவே இருக்கும்.

எனக்கு ஊர் தீர்த்தமலை. தருமபுரி மாவட்டம், அரூர் பக்கம். சின்ன வயசுல எங்க மலையையும் கோயில் படிகளையும் எத்தனை தடவை வரைஞ்சிருப்பேன்னு கணக்கே இல்லை. பத்தாம் வகுப்பு வந்ததும் கலர் பெட்டி பரணுக்குப் போயிடுச்சு. பப்ளிக் எக்ஸாம் முடிஞ்சதும் எடுத்துக்கலாம்னு வீட்ல சொன்னாங்க. அப்புறம் பிளஸ் டூ வந்துச்சு, இன்ஜினியரிங் வந்துச்சு, பிளேஸ்மென்ட் வந்துச்சு. ஆறு வருஷமா பெட்டி பரண்லதான். உங்க வீட்டுப் பரண்லயும் இப்படி ஏதாவது இருக்கலாம். கிடாராவோ கேரம் போர்டாவோ கூட இருக்கலாம்.

போன வருஷம் இந்திய அரசியலமைப்பு பத்தின பேப்பருக்காக ஒரு ராத்திரி உட்கார்ந்து படிச்சிட்டு இருந்தேன். எதையோ தேடப் போய், 1950ல கையெழுத்தான அசல் பிரதியோட ஸ்கேன் கிடைச்சுது. முழுக்கக் கையால எழுதின புத்தகம். பக்கத்தைச் சுத்தி வேலைப்பாடு, ஒவ்வொரு பகுதியும் தொடங்குற இடத்துல ஒரு படம். ஆர்ட்டிகிள் எல்லாத்தையும் விட்டுட்டு நான் படத்தையே பார்த்துட்டு இருந்தேன். யார் வரைஞ்சதுன்னு தேடினா, நந்தலால் போஸ்னு வந்துச்சு. இன்னும் கொஞ்சம் படிச்சப்போதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாம எக்ஸாமுக்காக மனப்பாடம் பண்ற புத்தகத்துக்குப் படம் போட்டவர், கல்லூரிப் பரீட்சையில திரும்பத் திரும்பத் தோத்தவர்.

அவரோட கதையை உங்களுக்குச் சொல்லணும்னு தோணுச்சு. வாங்க.

நந்தலால் 1882 டிசம்பர் 3 அன்று, இன்றைய பீகாரில் முங்கேர் மாவட்டத்தில் இருக்கும் ஹவேலி கரக்பூரில் பிறந்தார். வங்காளிக் குடும்பம். அப்பா பூர்ணசந்திர போஸ், தர்பங்கா ஜமீனில் வேலை பார்த்தார். அம்மா க்ஷேத்ரமணி தேவி கையில் கிடைத்ததை வைத்தே பிள்ளைக்குப் பொம்மை செய்து கொடுப்பவர். பையனும் அதைப் பார்த்து மண்ணில் உருவம் பிடிக்க ஆரம்பித்தான். பூஜை சமயத்தில் பந்தல் அலங்காரம் என்றால் அங்கே நிற்பான். இதுவரைக்கும் நம்ம எல்லாருடைய சின்ன வயசு மாதிரிதான். சிக்கல் படிப்பில் வந்தது.

1898ல், 15 வயதில், உயர்நிலைப் பள்ளிப் படிப்புக்காகக் கல்கத்தா அனுப்பினார்கள். பள்ளிப் பரீட்சையை அவர் தாண்டியது 1902ல், கிட்டத்தட்ட 20 வயதில். அடுத்து கல்லூரி. அந்தக் காலத்தில் எஃப்.ஏ. என்று ஒரு பரீட்சை இருந்தது. நம்ம பிளஸ் டூ மாதிரி வச்சுக்கோங்க. அதைத் தாண்டினால்தான் பி.ஏ. படிக்க முடியும். நந்தலாலால் அதைத் தாண்ட முடியவில்லை. கல்லூரியை மாற்றிப் பார்த்தார்கள். அங்கேயும் நடக்கவில்லை. இதற்கு நடுவில் 1903ல் சுதிரா தேவியுடன் கல்யாணம். ஓவியப் பள்ளியில் சேர வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. வீட்டில் சம்மதிக்கவில்லை. 1905ல் பிரசிடென்சி கல்லூரியில் வணிகப் படிப்பில் சேர்த்துவிட்டார்கள். அதுவும் ஏறவில்லை.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. வயசு 22. கல்யாணம் ஆயிடுச்சு. கையில டிகிரி இல்லை. கூடப் படிச்சவங்க எல்லாம் முன்னாடி போயிட்டாங்க. சொந்தக்காரங்க வீட்டு விசேஷத்துக்குப் போனா என்ன கேப்பாங்கன்னு நமக்குத் தெரியும். கல்கத்தாவா இருந்தா என்ன, தருமபுரியா இருந்தா என்ன, அந்தக் கேள்வி ஒண்ணுதான்.

அதே வருஷங்களில், நம்ம கும்பகோணத்தில் ஒரு பையன் இதே எஃப்.ஏ. பரீட்சையில் கணக்கைத் தவிர மற்றதில் தோற்று உதவித்தொகையை இழந்தான். பிறகு சென்னையில் படித்து எழுதியும் தேறவில்லை. அவன் பெயர் சீனிவாச ராமானுஜன். நாட்டின் ரெண்டு மூலையில் ரெண்டு பேர், ஒரே பரீட்சையில் மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

இவ்வளவு தோல்விக்கு நடுவிலும் நந்தலால் வரைவதை நிறுத்தவில்லை. ஐரோப்பிய ஓவியங்களின் அச்சுப் படங்களைப் பார்த்துப் பார்த்து வரைந்து பழகினார். அப்போது அவனீந்திரநாத் தாகூரின் படங்கள் கண்ணில் பட்டன. அவனீந்திரநாத், கவி ரவீந்திரநாத்தின் ஒன்றுவிட்ட அண்ணன் மகன். வெள்ளைக்காரர்களைப் போல் எண்ணெய் வண்ணத்தில் வரைந்த காலத்தில் முகலாய, ராஜபுத்திர ஓவிய மரபைத் திரும்பிப் பார்த்தவர். கற்றால் இவரிடம்தான் கற்பது என்று நந்தலால் முடிவு செய்தார். கடைசியில் வீட்டையும் சம்மதிக்க வைத்து, கல்கத்தா அரசு ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். அப்போது அங்கே தலைமையில் இருந்தவர் ஈ. பி. ஹாவெல். இவர் அதற்கு முன்னால் நம்ம சென்னை ஓவியப் பள்ளிக்குத் தலைவராக இருந்தவர். இப்போ எழும்பூர் பக்கம் இருக்கிற கவின்கலைக் கல்லூரி அதோட தொடர்ச்சிதான்.

அதற்குப் பிறகு வண்டி வேகம் எடுத்தது. 1907ல் தீயில் இறங்கும் சதியை வரைந்தார். 1908ல், கீழைக் கலைச் சங்கத்தின் கண்காட்சியில், சிவனும் சதியும் படத்துக்கு 500 ரூபாய் பரிசு. அன்றைக்கு அது பெரிய தொகை. மனுஷன் அதை வைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றிக் கோயில்களையும் சிற்பங்களையும் பார்க்கக் கிளம்பிவிட்டார்.

1909 குளிர்காலத்தில் அஜந்தா. கிறிஸ்டியானா ஹெரிங்ஹாம் என்ற ஆங்கிலேய ஓவியர், அழிந்துகொண்டிருந்த குகை ஓவியங்களைப் பிரதி எடுக்க வந்திருந்தார். அவருக்கு உதவியாகப் போன இளைஞர்களில் நந்தலாலும் ஒருவர். மைசூரிலிருந்து வந்த வெங்கடப்பாவும் அந்தக் குழுவில் இருந்தார். குகைக்குள் இருட்டு. சுவரில் பாதி உதிர்ந்துபோன கோடுகள். அதை ஒவ்வொரு கோடாகத் தொடர்ந்து தாளில் இறக்க வேண்டும். பரீட்சை ஹாலில் காப்பி அடித்தால் தடை போடுவார்கள். இவர் 1,500 வருஷத்துக்கு முந்தைய ஆட்களைப் பார்த்துக் காப்பி அடித்துத்தான் கையைப் பழக்கினார். அஜந்தாவின் கோடு அவர் வாழ்நாள் முழுக்கக் கையோடு இருந்தது.

1917ல் விஞ்ஞானி ஜெகதீஷ் சந்திர போஸ் கல்கத்தாவில் தன் ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்தார். ரேடியோ அலை பத்திப் படிக்கும்போது நாம கேள்விப்படுற அதே போஸ்தான். அந்தக் கட்டடத்துக்கு ஓவியம் வரைய அவர் கூப்பிட்டது நந்தலாலை. சயின்ஸ் வேற, ஆர்ட் வேறன்னு குரூப் பிரிக்கிற வழக்கம் அந்தப் பெரிய விஞ்ஞானிக்கு இருந்த மாதிரி தெரியலை.

பிறகு சாந்திநிகேதன். ரவீந்திரநாத் 1919ல் அங்கே தொடங்கிய கலாபவனத்துக்கு 1922ல் நந்தலால் தலைவரானார். 1951 வரை அங்கேயேதான். மாணவர்கள் அவரை மாஸ்டர்மொஷாய் என்று கூப்பிடுவார்கள், நாம வாத்தியார்னு சொல்ற மாதிரி. மரம், மாடு, சந்தாலி கிராமத்துப் பெண்கள் என்று கண்ணில் பட்டதையெல்லாம் சின்னச் சின்ன அட்டைகளில் வரைந்துகொண்டே இருப்பார். அப்படி வரைந்ததைத் தபாலில் மாணவர்களுக்கும் நண்பர்களுக்கும் அனுப்பிவைப்பார்.

அவரிடம் வந்து சேர்ந்தவர்களைப் பாருங்க. ராம்கிங்கர் பைஜ். பார்வை மிகக் குறைவாக இருந்தும் ஓவியரான வினோத் பிஹாரி முகர்ஜி. பிரசிடென்சியில் பொருளாதாரம் முடித்துவிட்டு 1940ல் வந்த சத்யஜித் ரே. அப்புறம் நம்ம சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்துக்கொண்டே சுதந்திரப் போராட்டத்தில் இறங்கிச் சிறைக்குப் போன கே. ஜி. சுப்ரமணியன். அரசுக் கல்லூரிக் கதவு மூடியபோது, 1944ல் நந்தலாலின் கதவு திறந்தது. படிப்பில் வழி தவறியவர் என்று ஊர் நினைத்த ஆள், வழி தேடி வந்தவர்களுக்கு வாத்தியாரானார்.

1930ல் காந்தி தண்டிக்கு நடந்தார். நந்தலால் அதை லினோகட்டாகச் செதுக்கினார். லினோலியம் தகட்டைக் குடைந்து, மேலே மை தடவி, தாளில் அழுத்துவது லினோகட். குடைந்த இடம் வெள்ளை, மற்றது கறுப்பு. கறுப்புப் பின்னணியில் தடியோடு நடக்கும் அந்தக் காந்தியை நீங்க எங்கேயாவது பார்த்திருப்பீங்க. 1938ல் குஜராத்தின் ஹரிபுராவில் சுபாஷ் சந்திர போஸ் தலைமையில் காங்கிரஸ் மாநாடு நடந்தது. அதன் பந்தலுக்காக, காந்தி கேட்டுக்கொண்டபடி நந்தலால் வரிசையாகப் படங்கள் போட்டார். அவர் வரைந்தது மட்டுமே 80க்கு மேல். குழுவினர் எடுத்த பிரதிகளோடு சேர்த்தால் சுமார் 400. அதில் இருந்தது தலைவர்கள் இல்லை. தச்சர், செருப்புத் தைப்பவர், மேளக்காரர், மாவு அரைக்கும் பெண். எந்தப் பரீட்சையும் எழுதாத கைகள்.

இப்போ நம்ம புத்தகத்துக்கு வரலாம். 1949 நவம்பர் 26ல் அரசியலமைப்பு ஏற்கப்பட்டது. ஆங்கிலப் பிரதியைக் கையால் எழுதியவர் பிரேம் பிஹாரி நாராயண் ராய்ஜாதா. ஓவியப் பொறுப்பு நந்தலாலுக்கு. அப்போது அவருக்கு வயது கிட்டத்தட்ட 67. மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு வேலையை முடித்தார். 22 பகுதிகள். மொகஞ்சதாரோ காளையில் தொடங்கி, வேதகாலக் குருகுலம், புத்தர், நாளந்தா, நம்ம சோழர் நடராஜர், மாமல்லபுரம், அக்பர், ஜான்சி ராணி என்று வந்து இமயம், பாலைவனம், கடலில் முடிகிறது. முகப்புரைப் பக்கத்தைச் சுற்றியுள்ள வேலைப்பாடு, ஜபல்பூரைச் சேர்ந்த அவருடைய மாணவர் பியோகர் ராம்மனோகர் சின்ஹா செய்தது.

அந்தப் படங்களில் ராமரும் இருக்கிறார், திப்புவும் இருக்கிறார். எங்க ஊர்க்காரங்களுக்கு ரெண்டு பேருமே பக்கத்து ஆட்கள். எங்க மலையில் விழும் ராமர் தீர்த்தம், ராமர் அம்பு விட்டு வரவழைத்தது என்பது ஐதீகம். திப்பு 1792ல் வெள்ளையரிடம் இழந்த பாராமகாலில்தான் எங்க தருமபுரிப் பகுதி இருந்தது. டில்லியில், ஆக்சிஜன் நீக்கிய கண்ணாடிப் பெட்டிக்குள் பாதுகாக்கிற ஒரு புத்தகத்தில் என் ஊரோட கதையும் வரலாறும் பக்கம் தள்ளி இருக்குன்னு அன்னைக்கு ராத்திரிதான் எனக்குத் தெரிஞ்சுது.

1954ல் நந்தலாலுக்குப் பத்மவிபூஷண். 1957ல் கல்கத்தா பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. அவர் தாண்ட முடியாத எஃப்.ஏ. பரீட்சையை நடத்தியதும் அதே பல்கலைக்கழகம்தான். 1966 ஏப்ரல் 16ல் காலமானார். 1976ல் அவருடைய படைப்புகளைத் தேசியக் கலைச் செல்வமாக அரசு அறிவித்தது. அவற்றை நாட்டை விட்டு ஏற்றுமதி செய்யக் கூடாது.

ஆனா ஒண்ணு. இதைப் படிச்சிட்டு, ஃபெயிலானாதான் பெரிய ஆளாகலாம்னு யாரும் கிளம்பிடாதீங்க. நானும் ஒரு அரியர் வச்சிருந்த ஆள்தான். அதால எனக்கு எந்தக் கலையும் வரலை, டென்ஷன்தான் வந்துச்சு. நந்தலாலை வளர்த்தது தோல்வி இல்லை. தோத்துக்கிட்டு இருந்த வருஷங்களிலும் விடாம வரைஞ்ச நேரம். அப்புறம், கடைசியிலாவது சரின்னு சொன்ன வீடு, சேர்த்துக்கிட்ட ஒரு வாத்தியார். இந்த ரெண்டும் கிடைக்காம எத்தனை பேர் கணக்குப்பிள்ளையாகவே காலத்தை ஓட்டியிருப்பாங்களோ! அவங்க பேரை நாம கேள்விப்படவே போறதில்லை.

நம்மில் நிறையப் பேருக்குப் படிப்பை விடுற வசதி கிடையாது. எனக்கும் கிடையாது. எஜுகேஷன் லோன் இருக்கு, ஜூலையில வேலைக்குச் சேரணும். ஆனா ரெண்டுல ஒண்ணைப் பரண்ல போட்டே ஆகணும்னு சொன்னதை நான் ஆறு வருஷம் ஏன்னு கேட்காம நம்பினேன். அதுதான் உறுத்துது.

இந்த ஸ்டடி ஹாலிடேஸ்ல ஊருக்கு வந்ததும் அந்தப் பெட்டியை இறக்கினேன். போஸ்டர் கலர் எல்லாம் கல்லாகிக் கிடந்துச்சு. பென்சில் மட்டும் நல்லா இருந்துச்சு. மொட்டை மாடியில உட்கார்ந்து மலையை வரைஞ்சேன், 20 நிமிஷம். படம் சுமார்தான். கோபுரம் சாய்ஞ்சிடுச்சு. அப்புறம் கீழே வந்து யூனிட் 3 படிச்சேன். மறுநாளும் அதே 20 நிமிஷம்.

நீங்களும் எக்ஸாம் முடிஞ்சதும் அந்த ஸ்கேனைத் தேடிப் பாருங்க. இந்தத் தடவை எழுத்தை விட்டுட்டு, சுத்தி இருக்கிற ஓரத்தை மட்டும் பாருங்க.

எக்ஸாம் நல்லா எழுதுங்க!