நுண்விசை அளந்த பெருந்தகை

காவிரியால் வாழும் தஞ்சைத் தரணிக்கு அந்த ஆறு நெல்லை மட்டும் தரவில்லை, ஒளியையும் தந்தது. 1934இல் கட்டி முடிக்கப்பெற்ற மேட்டூர் அணையில் 1937இல் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. குறுவைக்கும் சம்பாவுக்கும் இறங்கி வரும் நீரே சுழலிகளையும் இயக்கிற்று. சுழலியோடு காந்தம் சுழல, அதனைச் சூழ்ந்த கம்பிச் சுருளில் மின்னோட்டம் பிறக்கிறது. 1831இல் இலண்டனில் மைக்கேல் பாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் இதுவே. இப்பெருவிசையை ஊரறியும். இதே தூண்டல், கண்ணுக்கெட்டாத மூலக்கூற்றினுள் விளைக்கும் மெல்லிய விசையை அளந்தவர் ஒரு தமிழர் என்பதை அறிந்தோர் சிலரே. அவர்தாம் கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன், கே. எஸ். கிருஷ்ணன் என்று உலகம் அறிந்த இயற்பியல் அறிஞர்.

இன்றைய விருதுநகர் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து வத்திராயிருப்பில் 1898 டிசம்பர் 4ஆம் நாள் பிறந்தார். தந்தையார் உழவர், தமிழிலும் சமய நூல்களிலும் தோய்ந்தவர். ஏரும் ஏடும் ஒரே கூரையின்கீழ் இருந்த அத்தகைய வீடுகள் நம் காவிரிக் கரைக்கும் புதியவை அல்ல. திருவில்லிபுத்தூரில் பள்ளிப் படிப்பும், மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் மேற்படிப்பும் அமைந்தன. கிறித்தவக் கல்லூரியின் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் சிறிது காலம் பணிபுரிந்த பின், 1920இல் கல்கத்தாவுக்குப் புறப்பட்டார்.

அங்கே அவரை ஈர்த்தவர் காவிரி ஈன்ற மைந்தர். திருவானைக்காவில் பிறந்த சி. வி. இராமன், இந்திய அறிவியல் வளர்ச்சிச் சங்கத்தின் எளிய ஆய்வுக்கூடத்தில் இளைஞர் பலரைத் திரட்டி ஒளியை ஆராய்ந்துகொண்டிருந்தார். 1923இல் கிருஷ்ணன் அக்குழுவில் சேர்ந்தார். 1928இல் வெளிப்பட்ட இராமன் விளைவுக்கான சோதனைகளில் அவர் கையும் கண்ணும் ஓயாது உழைத்தன. முதல் அறிவிப்புக் கட்டுரை இருவர் பெயரையும் தாங்கியே வெளிவந்தது. ஆயினும் 1930இல் நோபல் பரிசு இராமன் ஒருவருக்கே அளிக்கப்பெற்றது. மாணவருக்குரிய பங்கு எவ்வளவு என்னும் வினா பின்னர் பல்லாண்டுகள் பேசப்பட்டது. கிருஷ்ணனோ, அவ்வினாவுக்கு விடை தேடும் வழியில் செல்லாமல், தமக்கென ஒரு துறையைத் தேர்ந்துகொண்டார். 1928 டிசம்பரில் டாக்கா பல்கலைக்கழகத்தில் பொறுப்பேற்று, படிகங்களின் காந்தப் பண்பை ஆராயத் தொடங்கினார்.

இரும்பைக் காந்தம் இழுக்கும் என்பது சிறுவரும் அறிந்ததே. ஆனால் உலகப் பொருள்களில் மிகப் பலவற்றைக் காந்தம் மிக மெல்லத் தள்ளுகிறது. காவிரி நீரும் அவ்வாறு தள்ளப்படுவதே. டயாகாந்தத் தன்மை எனப்படும் இதனை 1845இல் பாரடேயே கண்டறிந்தார். கிருஷ்ணன் கருத்தைக் கவர்ந்தது இதிலுள்ள ஒரு நுட்பம். படிகத்தில் இத்தள்ளுவிசை எல்லாத் திசையிலும் ஒரே அளவினதாக இருப்பதில்லை. அந்த வேறுபாட்டை எப்படி அளப்பது?

அவர் கண்ட முறை எளியது. சிறு படிகத்தை மெல்லிய குவார்ட்சு இழையில் கட்டிக் காந்தத்தின் இரு முனைகளுக்கிடையே தொங்கவிட்டார். படிகம் தனக்கு உகந்த திசையில் நிற்கும். இழையின் மேல்முனையைச் சிறிது சிறிதாக முறுக்கினால், காந்தப்புலத்தின் பிடிக்கும் இழையின் முறுக்குக்கும் இடையே படிகம் தயங்கும். தன் நிலையிலிருந்து நாற்பத்தைந்து பாகை கடந்ததும் பிடி நழுவிச் சட்டெனச் சுழன்றுவிடும். அந்நொடியில் இழை ஏற்றிருந்த முறுக்கே வேண்டிய அளவைத் தந்துவிடும்.

நாப்தலீன் முதலான படிகங்களில் இவ்வேறுபாடு பெரிதாக இருந்தது. நாப்தலீன் நம் வீட்டுப் பெட்டிகளில் அந்துருண்டையாகக் கிடப்பது. அதன் மூலக்கூறு கரி அணுக்கள் வளையமாய்க் கோத்த தட்டை வடிவம் உடையது. வளையத்தின் தளத்துக்குச் செங்குத்தாகக் காந்தப்புலம் பாயும்போது, வளையத்தைச் சுற்றிவரும் எலக்ட்ரான்களில் அப்புலத்தை எதிர்க்கும் ஓட்டம் தூண்டப்படுகிறது. மேட்டூரின் கம்பிச் சுருளில் நிகழ்வதற்கும் இதற்கும் விதி ஒன்றே. ஆகவே எத்திசையில் தள்ளுவிசை மிகுகிறது என்று அறிந்தால், படிகத்தினுள் அத்தட்டுகள் எவ்வாறு சாய்ந்து அடுக்கப்பட்டுள்ளன என்று கணித்துவிடலாம். 1936இல் படிகவியல் அறிஞர் கேத்லீன் லான்ஸ்டேலும் கிருஷ்ணனும் இவ்வுறவை விளக்கி எழுதினர். நாம் கவிதை எழுதும் பென்சிலின் கரிய பொருளாகிய கிராஃபைட்டையும் அவர் விரிவாக ஆராய்ந்தார். அடுக்கடுக்கான அமைப்புடைய அதில் திசை வேறுபாடு மிகமிகப் பெரிது.

1933இல் கல்கத்தா திரும்பினார். 1937இல் இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனுக்கு அழைக்கப்பெற்றார். பாரடே பணிபுரிந்த இடம் அது. 1940இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1942இல் அலகாபாத் பல்கலைக்கழகப் பேராசிரியர். 1946இல் சர் பட்டம். 1947இல் புதுதில்லித் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநர். நாட்டின் அளவைகளுக்கு நிலைத்த அடிப்படை காக்கும் நிறுவனம் அது. மரக்கால் குறைந்தால் குடியானவன் வயிறு காயும் என்றறிந்த தஞ்சை மண்ணுக்கு அப்பணியின் பெருமையை விளக்க வேண்டுவதில்லை. 1958இல் முதல் பட்நாகர் விருது அவரைச் சேர்ந்தது. அறிவியலாளர் என்பதினும் மேலாக, நிறைந்த மனிதர் என்றே ஜவஹர்லால் நேரு அவரைப் போற்றினார். 1961 ஜூன் 14இல் மறைந்தார்.

பெரும்புகழ் ஒன்றன் அருகே நின்ற ஒருவர், அதன் நிழலில் தேங்கிவிடாமல், யாரும் பொருட்படுத்தாத மெல்லிய விசையைத் தம் வாழ்நாள் ஆய்வாக்கிக்கொண்டார். வன்சொல்லினும் மென்சொல்லின் ஆற்றலை நாடுவோர் கவிஞர். ஒரு பொருளின் தன்மை அதைப் பார்க்கும் திசைக்கேற்ப மாறுவதையும் அவர்கள் அறிவர். நம் வட்டத்தின் கவிஞர்கள் அறிஞர் கிருஷ்ணனைத் தம் சுற்றத்தாருள் ஒருவராகக் கொள்ளுதல் தகும்.