வரிசையை மாற்றிய மருத்துவர்

மருத்துவமனையின் அவசரச் சிகிச்சைப் பிரிவில் ஒருமுறையேனும் காத்திருந்தவர் மனத்தில் ஒரு கேள்வி எழாமல் இராது. முதலில் வந்தவர், செல்வாக்கு மிக்கவர், உயிருக்குப் போராடுபவர் ஆகிய மூவருள் மருத்துவர் யாரை முதலில் கவனிக்க வேண்டும்? இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே போர்க்களத்தில் இதற்கு விடை கண்டவர் பிரெஞ்சு நாட்டு அறுவை மருத்துவர் டொமினிக் ழான் லாரே.

1766 ஆம் ஆண்டு பிரெனீஸ் மலைப் பகுதியில் ஒரு சிற்றூரில் அவர் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். துலூஸ் நகரில் அறுவை மருத்துவராக இருந்த தந்தையின் உடன்பிறந்தார் அவரை வளர்த்துத் தொழிலும் கற்பித்தார். பின்னர் பாரிசிலும் பயின்ற லாரே, 1792 இல் ரைன் நதிப் படையில் மருத்துவராகச் சேர்ந்தார்.

அங்கே அவர் கண்ட காட்சி நெஞ்சை உருக்குவதாக இருந்தது. மருத்துவ வண்டிகள் களத்திலிருந்து ஒரு லீக், அதாவது சுமார் நான்கு கிலோமீட்டர், பின்னால் நிற்க வேண்டும் என்பது அந்நாளைய விதி. போர் ஓய்ந்த பின்னரே காயமுற்றோரைத் திரட்டுவர். ஒரு நாளுக்கு மேலும் கேட்பாரற்றுக் கிடந்து மாண்டவர் பலர். அவர்களைக் கொன்றது காயம் மட்டுமன்று; காத்திருப்பும் அன்றோ!

குதிரைகள் இழுத்தோடும் பீரங்கிப் படையின் வேகம் லாரேயின் சிந்தனையைத் தூண்டியது. பீரங்கிக்கு இயலும் வேகம் மருத்துவத்திற்கு ஏன் இயலாது? இவ்வாறு பிறந்ததே 'பறக்கும் ஆம்புலன்ஸ்'. இரு குதிரை பூட்டிய இருசக்கர வண்டியில் இருவர் படுக்கலாம். நாற்சக்கர வண்டியில் நால்வர். மருத்துவரும் உதவியாளரும் மருந்துகளுடன் களத்திற்கே சென்றனர். எகிப்துப் படையெடுப்பின்போது மணலில் வண்டி ஓடாத இடத்தில் ஒட்டகங்களின் இருபுறமும் கூடைகள் கட்டிக் காயமுற்றோரைச் சுமக்கச் செய்தார்.

வேகத்தினும் பெரியது அவர் வகுத்த விதி. மிகக் கடுமையாகக் காயமுற்றவர்க்கே முதற் சிகிச்சை. பதவியோ பட்டமோ குறுக்கே வரலாகாது. சிறு காயமுற்ற தளபதி, கால் சிதைந்த சிப்பாய்க்குப் பின்னால் காத்திருக்க வேண்டும். எதிரிப் படையினருக்கும் அவர் சிகிச்சை அளித்தார். காயமே வரிசையை வகுத்தது. இன்று 'ட்ரியாஜ்' என வழங்கும் தரம் பிரிக்கும் முறைக்கு இதுவே வித்து எனலாம்.

மற்றொன்றையும் அவர் உணர்ந்திருந்தார். சிகிச்சை பெற்றோர் அங்கேயே தங்கிவிட்டால் அடுத்து வருவோர்க்கு இடமேது? ஆகவே அவருடைய வண்டிகள் காயமுற்றோரைக் கொண்டுவந்ததோடு நில்லாமல், பின்னணி மருத்துவமனைகளுக்கும் கொண்டுசென்றன. வருகின்ற வழியும் போகின்ற வழியும் ஒருங்கே திறந்திருந்தன.

1812 இல் போரோதினோ போரில், இருபத்துநான்கு மணி நேரத்தில் ஏறத்தாழ 200 உறுப்பு நீக்க அறுவைகளை அவர் செய்தார். 1815 இல் வாட்டர்லூவில் பிரஷ்யரிடம் பிடிபட்டு மரண தண்டனைக்கு உள்ளாக இருந்தபோது, முன்பு அவர் பாடங்களைக் கேட்டிருந்த மருத்துவர் ஒருவர் அடையாளம் கண்டுகொண்டதால் உயிர் பிழைத்தார். நெப்போலியன் தம் உயிலில் லாரேயின் நற்பண்பைப் போற்றி, ஒரு லட்சம் பிராங்கு எழுதி வைத்தார். 1842 இல் லாரே மறைந்தார்.

இன்றைய அவசரப் பிரிவுகளின் நெரிசலுக்கு வாயிலில் கூடும் கூட்டம் மட்டும் காரணமன்று. முதற் சிகிச்சை முடிந்தும் வார்டில் படுக்கை கிடைக்காமல் அங்கேயே காத்திருக்கும் நோயாளிகளும் ஒரு பெருங்காரணம். வாயிலில் தரம் பிரிப்பதும், உள்ளே படுக்கைகளை விரைந்து ஒழித்துத் தருவதும் சேர்ந்தால்தான் நெரிசல் குறையும். இவ்விரண்டையும் லாரே ஒருசேரக் கண்டார் என்பதே நாம் வியக்கத்தக்கது.

நண்பர்களே! நமக்குப் பின் வந்த ஒருவரை அவசரப் பிரிவில் முதலில் அழைத்தால் சினம் கொள்ளாதிருப்போம். தெரிந்தவரின் சிபாரிசால் நாம் முந்திச் செல்லவும் முயலாதிருப்போம். நாம் பறிக்கும் அந்தச் சில நிமிடங்கள் மற்றொருவரின் உயிராக இருக்கலாம்.